வாசுகி யாருக்கு அழுதாள்?

போன வாரம் அந்த அழைப்பை எடுத்ததிலிருந்து வாசுகிக்குச் சோறு தொண்டைக்குக் கீழே இறங்கவில்லை.

"அக்கா, நான்தான். காளி."

காளிதாஸ் அவள் கூடப்பிறந்த தம்பி. மூன்று வருடத்துக்கு முன்பு மெர்சிங் கடலுக்கு மீன்பிடிக்கப் போய்த் திரும்பாதவன். கருமாதி முடித்து, படத்துக்கு மாலை போட்டு, அமாவாசைதோறும் படையல் வைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிற தம்பி. அவன்தான் ஏதோ ஓர் இந்தோனேசிய எண்ணிலிருந்து பேசினான்.

"உசுரோட இருக்கேங்கா. யாருகிட்டயும் சொல்லாத. அத்தானுக்குக்கூட. நானே வந்து எல்லாத்தையும் சொல்றேன்" என்றான். அழுதான். வைத்துவிட்டான்.

சந்தோஷப்பட வேண்டிய செய்திதானே என்று கேட்பீர்கள். சிக்கலே அங்கேதான். அன்றைக்கு அந்த மீன்பிடிப் போட்டில் போனவன் காளிதாஸ் மட்டுமில்லை. வாசுகியின் கணவர் ராஜசேகரனின் தம்பி செல்வாவும் கூடப் போனான். கவிழ்ந்த போட்டு கிடைத்தது. செல்வாவின் உடல் கிடைத்தது. காளிதாஸ் மட்டும் கிடைக்கவில்லை. அவனையும் கடல் கொண்டுபோய்விட்டது என்று ஊரே முடிவு கட்டியது.

செல்வாவின் மனைவி சாந்தினி ஒரே சுவருக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறாள். ராஜசேகரனோ, "ஒண்ணா போனானுங்க, ஒண்ணாவே போய்ட்டானுங்க" என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டு இந்த மூன்று வருடத்தை ஓட்டியவர். அந்த இருவரில் ஒருவன் கரையேறி, வாயை மூடிக்கொண்டு எங்கோ வாழ்ந்திருக்கிறான் என்று தெரிந்தால் அடுத்த கேள்வி என்ன? செல்வா எப்படிச் செத்தான் என்பதுதான். அந்தக் கேள்வி உள்ளே நுழைந்தால் ஒரு குடும்பமாக இருக்கிற இரண்டு வீடும் எதிரெதிர் வீடாகிவிடும். அதனால் தம்பி நேரில் வரும்வரை வாயைத் திறப்பதில்லை என்று வாசுகி முடிவு செய்திருந்தாள்.

முடிவு செய்வது சுலபம். அதைக் கெடுப்பதற்கென்றே வீட்டில் ஒரு மகள் இருக்கிறாளே!

அன்று ஞாயிற்றுக்கிழமை. மெர்சிங் கடற்கரைத் திடலில் நாட்டுப்புற இசை விழாவின் கடைசி நாள். மகள் பிரவீனா ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறவள். லீவு போட்டுவிட்டு வந்து தொண்டூழியராகச் சேர்ந்திருந்தாள். தான் சேர்ந்தது போதாதென்று குடும்பத்தையே உள்ளே இழுத்துப் போட்டிருந்தாள். அம்மாவுக்குச் சாப்பாட்டுக் கூடாரம். சித்தி சாந்தினிக்குக் கலைஞர்களுக்குப் பூ வைத்து, புடவை கட்டிவிடுகிற வேலை. அப்பாவுக்குக் கார் நிறுத்துமிடம்.

எல்லாருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை. முதுகில் மலாயில் 'சுக்காரெலாவான்', அதாவது தொண்டூழியர், என்று கொட்டை எழுத்து. அந்தச் சட்டையைப் போட்டதும் நம் ஆட்களுக்கு ஒரு மிடுக்கு வந்துவிடும். ராஜசேகரன் முதல் நாளே டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதரின் காரைத் திருப்பி அனுப்பிவிட்டார். அந்தக் கதையைக் கேட்காதவர்கள் திடலில் யாரும் பாக்கியில்லை.

காலை பத்து மணி இருக்கும். வாசுகி கலைஞர்களுக்கு நாசி லெமாக் பொட்டலம் கட்டிக்கொண்டிருந்தாள். பிரவீனா கையில் வாக்கிடாக்கியோடு ஓடி வந்தாள்.

"அலமாக், அம்மா! ஒப்பாரி பாட வந்த காளியம்மாக்கா பாடமாட்டேன்னுட்டாங்க!"

"ஏண்டி? நேத்துகூட நல்லாத்தானே இருந்தாங்க?"

"அவங்க மகளுக்கு விடியக்காலையில குளுவாங்ல பேபி பொறந்துடுச்சாம். புள்ள பொறந்த வீட்டுக்காரி ஒப்பாரி எடுக்கமாட்டேன்னு ஒரே பிடிவாதம்மா. பேக்கெல்லாம் கட்டிட்டாங்க."

வாசுகிக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. இதை யோசிக்காமல் விட்டது யார் குற்றம்? நிறைமாதக் கர்ப்பிணி வீட்டில் இருக்கிறாளா என்று கேட்காமலே ஒப்பாரிக்காரியை மேடைக்குக் கூப்பிட்டால் இப்படித்தான் ஆகும். படித்த பிள்ளைகள் விண்ணப்பப் பாரத்தில் எல்லாம் கேட்பார்கள், ரத்த வகைகூடக் கேட்பார்கள். இதைக் கேட்கமாட்டார்கள்.

"சரி, அந்தப் பாட்ட விட்டுடுங்க. வேற ஏதாவது கும்மி, கோலாட்டம் போடுங்க."

"முடியாதும்மா. அதான் கடைசி ஐட்டம். கடல் கொண்டுபோனவங்களுக்கு அஞ்சலி. மலாய்க்காரங்க கஸால் பாடுவாங்க, சீனவங்க மீன்பிடிப் பாட்டு பாடுவாங்க, முடிவுல நம்ம ஒப்பாரி. சித்தப்பா படம், மாமா படம் ரெண்டும் பெரிய ஸ்கிரீன்ல வரும்." பிரவீனா மூச்சு வாங்கினாள். "அதனால... உங்க பேர குடுத்துட்டேன்."

வாசுகியின் கையிலிருந்த வாழையிலை நழுவியது.

"என்னடி சொன்ன?"

"நீங்கதானே அன்னிக்குப் படகுத்துறையில காளி மாமாவுக்கும் சித்தப்பாவுக்கும் அழுதீங்க? ஊரே அழுதுச்சு. நீங்க பொறந்த சாஆ தோட்டத்துல உங்களுக்கு மிஞ்சின ஆள் இல்லன்னு அப்பாவே சொல்லுவாங்க. அதே பாட்டுதாம்மா. ப்ளீஸ் லா."

அதே பாட்டுதான். ஆனால் அன்றைக்கு அவள் தம்பி செத்தவன். இன்றைக்கு உயிரோடு இருக்கிறவன். அதை எப்படி மகளிடம் சொல்வது?

"எனக்குத் தொண்ட சரியில்ல."

"இப்பதானே உள்ள இருக்கற அண்ணன்கிட்ட சட்டி கழுவலன்னு கத்துனீங்க? அந்தத் தொண்ட போதும்!"

பிரவீனா போயே போய்விட்டாள்.

வாசுகி நேரே கலைஞர்கள் கூடாரத்துக்கு நடந்தாள். காளியம்மா பிளாஸ்டிக் நாற்காலியில் பையை மடியில் வைத்துக்கொண்டு, குளுவாங்குக்குப் போகிற காருக்காகக் காத்திருந்தாள். வாட்டசாட்டமான பெண்பிள்ளை. முகத்தில் பேரப்பிள்ளை வந்த பூரிப்பு.

"அக்கா, ஒரே ஒரு பாட்டு. பாடிட்டுப் போயிடுங்க. நான் கால்ல வேணும்னாலும் விழறேன்."

"அடப் போ, வாசுகி. பச்சப்புள்ள வந்திருக்கு. நான் வாய் தொறந்து சாவு பாடவா?"

"வெறும் பாட்டுதானேக்கா. மேடதானே."

இதைச் சொல்லும்போதே, தன் மனசுக்குத்தான் சொல்லிக்கொள்கிறோம் என்பது வாசுகிக்குத் தெரிந்தது.

காளியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீயா இப்படிப் பேசுற? பேரச் சொல்லி, மொறையச் சொல்லிக் கூப்ட்டு அழுதாத்தான் ஒப்பாரி. இல்லேன்னா அது வேற பாட்டு. எங்கப்பா இருந்தவரைக்கும் 'என்னப் பெத்த அப்பா'ன்னு நான் ஒரு வரி பாடுனதில்ல. ஒத்திகைக்குக்கூட. உசுரோட இருக்கறவன ஒப்பாரியில கூப்டா அது சும்மா போவாது. போய் அவன் தலமாட்டுல நிக்கும்."

வெளியே ஹாரன் சத்தம் கேட்டது. காளியம்மா எழுந்து, வாசுகியின் கன்னத்தைத் தட்டினாள். "உனக்கென்ன பயம்? உன் ஆளுங்க ரெண்டு பேரும் போய்ச் சேர்ந்தவங்கதானே. நீ தாராளமா பாடலாம்."

வாசுகி திரும்பிப் பார்க்காமல் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு நடந்தாள்.

மத்தியானத்துக்கு மேல் ராஜசேகரன் சாப்பாட்டுக் கூடாரத்துக்கு வந்தார். வெயிலில் நின்று நின்று முகம் கறுத்திருந்தது. கையில் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிற இரண்டு படங்கள். கண்ணாடியைத் துடைத்து, சந்தனம் வைத்து, புது மாலை போட்டுக் கொண்டுவந்திருந்தார்.

"மேடையில வைக்கணும்னு பிரவீனா சொன்னா. ஸ்கிரீன்ல வர்றது வேற, இது வேற." அவர் படங்களை மேசைமேல் நிறுத்தினார். "வாசு, நீ பாடுறியாமே?"

"இல்லீங்க. தொண்ட..."

"பாடு. இந்த ரெண்டு பேருக்கும் நாம வேற என்ன செஞ்சோம்? என் தம்பிக்குக் கொள்ளி வச்சேன். மச்சானுக்கு அதுகூட இல்ல. வெறும் படத்துக்குத்தான் கற்பூரம் காட்டினோம். உன் வாயால அவன அனுப்பி வச்சாத்தான் எனக்கு நிம்மதி."

முப்பது வருடம் அவரோடு குடித்தனம் செய்தவள் வாசுகி. கோபத்தில் கத்தினால் பதிலுக்குக் கத்தத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டு நிற்கிற மனிதரிடம் என்ன சொல்வது? படத்திலிருந்து காளிதாஸ் மாலையும் கழுத்துமாகச் சிரித்துக்கொண்டிருந்தான். உயிரோடிருக்கிறவன் கழுத்தில் மாலை! பிடுங்கிப் போடத் துடித்த கையை அவள் சட்டைக்குள் சுருட்டிக்கொண்டாள்.

"மூணு வருஷத்துக்கு முன்னால அவ்ளோ பாடினீங்களேக்கா."

திரும்பினாள். சாந்தினி நின்றிருந்தாள். கையில் மல்லிகைச் சரம்; நூலைப் பல்லால் கடித்து அறுத்துக்கொண்டே பேசினாள். அதிகம் பேசாதவள். செல்வா போன பிறகு அதுவும் குறைந்துவிட்டது.

"இப்ப மட்டும் ஏன் யோசிக்கிறீங்க?"

"யோசிக்கல, சாந்தினி. உடம்பு ஒரு மாதிரி..."

"காளி அண்ணனுக்குப் பாடுங்க. நான் கேக்கணும்."

சொல்லிவிட்டு அவள் வாசுகியின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சந்தேகமா? இவளுக்கு ஏதாவது தெரிந்துவிட்டதா? போன வாரம் சமையலறையில் நின்று பேசியபோது சுவர் தாண்டிக் கேட்டிருக்குமோ? நம் வீட்டுச் சுவர்களைக் கட்டினவனுக்குச் சிமெண்டில் அவ்வளவு சிக்கனம். ஒரு பக்கம் தாளித்தால் மறுபக்கம் தும்முவார்கள்.

"பாடுறேன்" என்றாள் வாசுகி.

வேறு வழியில்லை. மாட்டேன் என்று மறுபடி சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்த 'ஏன்'தான் அவளுக்கு ஆகாதது.

மலாய்க்காரர்களின் அசார் எனும் மாலைத் தொழுகைக்கு அழைப்பு ஒலித்ததும் மேடையில் ஒத்திகை நின்றது. ஒலிபெருக்கிகள் எல்லாம் அடங்கின. ஸாப்பின் ஆடுகிற பிள்ளைகள் நிழல் தேடிப் போனார்கள். அந்த அமைதியில் வாசுகி கழிப்பறை வரிசைக்குப் பின்னால் போய் நின்று, அந்த இந்தோனேசிய எண்ணை அழைத்தாள்.

ஒரே ஒரு வார்த்தை கேட்க வேண்டும். தம்பி, உன் பேரைச் சொல்லி நான் அழலாமா? நீ சரி என்று சொல்லு, போதும்.

அழைப்பு போகவில்லை. எண் தொடர்பில் இல்லை என்று ஒரு பெண் குரல் இந்தோனேசிய மொழியில் மரியாதையாகச் சொன்னது. மறுபடி அழைத்தாள். மறுபடி அதே மரியாதை. மூன்றாவது முறை அவளுக்கு அந்தப் பெண்மேலேயே எரிச்சல் வந்தது.

உயிரோடுதான் இருக்கிறானா? பேசி ஒரு வாரம் ஆகிவிட்டதே? நினைத்த வேகத்திலேயே வாயில் அடித்துக்கொண்டாள்.

திரும்பி வந்தபோது, பறையடிக்கிற சுகுமாறன் அவளுக்காகக் காத்திருந்தார். "அம்மா, மொதல்ல மெதுவா அடிப்பேன். நீங்க உங்க கொழுந்தனாருக்குப் பாடுங்க. நான் ரெண்டு தட்டு தட்டி நிறுத்துனதும் தம்பிக்கு மாறிடுங்க. அப்ப அடிய வேகமாக்குவேன். சரிங்களா? ஒருதடவ பாத்துடலாமா?"

வாசுகி வார்த்தையில்லாமல் ராகத்தை மட்டும் முனகிக் காட்டினாள்.

"வார்த்த?"

"மேடையில வரும்ணே."

கச்சேரி ஐந்து மணிக்குத் தொடங்கியது. பொழுது சாயும் தொழுகைக்கு முன்னால் முடித்தாக வேண்டும் என்பதால் மேடை நிர்வாகி காக் ரொஸ்னா எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தார். திடல் நிரம்பிவிட்டது. பாயோடு வந்த குடும்பங்கள், சிங்கப்பூரிலிருந்து வந்து தீவுக்குப் போகப் படகு கிடைக்காதவர்கள், மீன்பிடிக் கம்பத்து ஆட்கள். முன்வரிசையில் ராஜசேகரன். அவருக்குப் பக்கத்தில் சாந்தினி.

கஸால் முடிந்தது. சீனப் பெரியவர்கள் வலையிழுக்கும் பாட்டைப் பாடி முடித்தார்கள். கைதட்டல் பெரிதாக இருந்தது.

காக் ரொஸ்னா வாசுகியின் தோளைத் தொட்டார். "போலே கா, காக்?" முடியுமா அக்கா என்று கேட்டார்.

"போலே" என்றாள் வாசுகி. முடியும் என்று எந்த மொழியில் சொன்னாலும் பொய் பொய்தான்.

மேடையேறுவதற்குள் மனசை ஒருவழியாகக் கட்டிவிட்டிருந்தாள். வெறும் பாட்டு. மைக்குக்கு முன்னால் நின்று பாடுகிற பாட்டு. எமன் என்ன, வேலை வெட்டியில்லாமல் மெர்சிங்கில் பாய் போட்டுக் கச்சேரி கேட்கவா வரப் போகிறான்? முதலில் செல்வாவுக்கு நாலடி, அப்புறம் தம்பிக்கு நாலடி, கும்பிடு, இறங்கிவிடலாம். குடும்பம் நிலைக்கும். தம்பி வருகிறபோது வரட்டும்.

மேடையில் இரண்டு படங்கள். பின்னால் திரையில் அதே இரண்டு முகங்கள், வீடு உயரத்துக்கு. அந்தப் பக்கம் கடல்.

சுகுமாறன் பறையை மெதுவாகத் தட்டத் தொடங்கினார். வாசுகி தலைமுடியை அவிழ்த்துவிட்டாள். அது இல்லாமல் அவளுக்குப் பாட்டு வராது.

"பொன்னு வலையெடுத்து, என் கொழுந்தனாரே,
போனீங்க விடியலிலே!
பொழுதும் சாயுதையா, இன்னும்
போட்டு கரை சேரலையே!

அலைய எண்ணி நிக்கிறாளே, உங்க
ஆசைப் பொஞ்சாதி!
அவ நெத்திக் குங்குமத்த நீங்க
அலையில கரைச்சீங்களே!"

திடலில் ஒரு சத்தமில்லை. மலாய்ப் பெண்கள்கூட முக்காட்டால் கண்ணைத் துடைத்தார்கள். அழுகைக்கு மொழிபெயர்ப்பு வேண்டியதில்லை. ராஜசேகரன் குழந்தைபோலக் குலுங்கினார். சாந்தினி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுகுமாறன் இரண்டு தட்டு தட்டி நிறுத்தினார். தம்பிக்கு மாற வேண்டிய இடம்.

வாசுகி காளிதாஸின் படத்தைப் பார்த்தாள். 'என்கூடப் பொறந்தவனே' என்பதுதான் முதல் வரி. வாயைத் திறந்தாள். நாக்கு நுனிவரை வந்தது.

"அக்கா, நான்தான்" என்று காதுக்குள் கேட்டது.

எப்படிக் கூப்பிடுவாள்? எட்டு மாதத்தில் அம்மாவை இழந்தவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவள். தொலைபேசியில் அவன் விசும்பிய சத்தம் இன்னும் காதை விட்டுப் போகவில்லை. அந்தத் தொண்டையில் மூச்சு ஓடுகிறது. அதை இந்த வாயால் நிறுத்துவதா? கணவரின் நிம்மதிக்காக, ஊர்க் கண்ணுக்காக, தம்பியைத் தானே கொன்று போடுவதா? மாட்டாள். குடும்பம் இரண்டானாலும் மாட்டாள்.

நேரம் ஓடியது. மேடையோரத்திலிருந்து பிரவீனா வாயசைத்தாள்: "மாமா! மாமாவுக்கு!"

சுகுமாறன் மறுபடி இரண்டு தட்டு தட்டினார். அடியை வேகமாக்கினார்.

வாசுகி கண்ணை மூடினாள்.

"கூடப் போன ஆளில்லையே, என் கொழுந்தனாரே,
கூப்பிட நாதியில்லையே!
கொட்டுற மழையிலயும், நீங்க
குளிருல கெடந்தீங்களே!"

சுகுமாறனின் கை ஒரு நொடி தடுமாறியது. பிறகு அனுபவசாலி, தொடர்ந்துவிட்டார். வாசுகி பாடினாள். செல்வாவுக்கே பாடினாள். அவளைவிட இளையவன், அவள் கையால் சோறு தின்றவன். அந்த அழுகையில் பொய்யில்லை. கடைசி அடிவரை கொழுந்தனையே கூப்பிட்டாள். தம்பி பக்கம் திரும்பவேயில்லை.

அப்போதுதான் தம்பிக்குப் பதிலாகப் பாடிய முதல் வரி அவளுக்கே உறைத்தது. கூடப் போன ஆளில்லையே. மைக்கில், ஊர் முன்னால், அதைச் சொல்லிவிட்டாளே!

கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அவர்களுக்கு என்ன தெரியும்? காக் ரொஸ்னா அவளைக் கட்டிக்கொண்டு அழுதார். தொண்டூழியர்களை எல்லாம் மேடைக்குக் கூப்பிட்டார்கள். ஆரஞ்சு சட்டைகள் வரிசையாக ஏறிக் கை கோத்துத் தலை வணங்கின. வாசுகி அந்த வரிசையில் நிற்கவில்லை. பின்பக்கப் படியில் இறங்கி, ஆளில்லாத சாப்பாட்டுக் கூடாரத்துக்குப் போய், அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்தாள்.

ராஜசேகரன்தான் முதலில் வந்தார்.

"மச்சானுக்கு ஏன் பாடல?"

கேள்வியில் கோபமில்லை. அதுதான் அவளைக் கூடுதலாகப் பயமுறுத்தியது.

"அடச்சிடுச்சுங்க. சொந்தத் தம்பி... வாய் வரல."

"கூடப் போன ஆளில்லன்னு பாடுன?"

"ஏதோ வாய்க்கு வந்தத..."

"ம்." தலையை ஆட்டினார். "சரி, சரி. ஒனக்கு மூச்சு வாங்குது. இரு, தேத்தண்ணி வாங்கிட்டு வரேன்."

போய்விட்டார். நம்பிவிட்டார். வாசுகி நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். நல்ல மனுஷன்; எதையும் ஆழமாக நோண்டமாட்டார் என்று அந்த நிலையிலும் அவர்மேல் இரக்கம் சுரந்தது.

கூடாரத்துத் துணியை விலக்கிக்கொண்டு சாந்தினி உள்ளே வந்தாள். வந்தவள் பக்கத்தில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு மட்டும் அழுதீங்க."

"சாந்தினி, நான்..."

"உங்க தம்பிய ஒரு தடவகூடக் கூப்பிடல. நானும் சாஆ தோட்டத்துல பொறந்தவதாங்கா. ஒப்பாரியில யாரக் கூப்பிடுவாங்க, யாரக் கூப்பிடமாட்டாங்கன்னு எனக்குத் தெரியாதா?"

ஆயிற்று. எல்லாம் முடிந்தது. இனி என்ன கேட்பாள் என்றும் தெரியும். அதற்கு என்ன பதில் சொல்வது என்றுதான் தெரியவில்லை. எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்ன மன்னிச்சிடும்மா. ஒரு வாரமாத்தான் எனக்கே தெரியும். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு..."

"ஒரு வாரமா?"

சாந்தினி உதட்டைக் கடித்தாள். இவ்வளவு நேரம் வராத கண்ணீர் இப்போது பொலபொலவென்று கொட்டியது.

"கருமாதி முடிஞ்ச வாரமே காளி அண்ணன்கிட்டருந்து எனக்குப் போன் வந்துச்சுக்கா."

வாசுகிக்குச் சட்டென்று புரியவில்லை. புரிந்ததும், பிடித்திருந்த கையை உதறினாள்.

"மூணு வருஷமாவா?"

"நீங்க ஒவ்வொரு அமாவாசைக்கும் படையல் போட்டு, 'தம்பி, தம்பி'ன்னு அழும்போது பக்கத்துல நின்னு நானும் கும்பிட்டேன். வாயத் தொறக்கல. அவர் இருக்கறது உங்களுக்கும் தெரியுமான்னு பாத்துத் தெரிஞ்சுக்கலாம்னுதான் இன்னிக்குப் பாடச் சொன்னேன். என்ன அடிங்கக்கா. நாலு அறை அறைங்க."

ஒரு வாரமாக இந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்கப் பயந்து செத்தவள் வாசுகி. அத்தனை பயமும் ஒரே நொடியில் ஆத்திரமாகத் திரண்டது. கையை ஓங்கியும்விட்டாள். ஆனால் அடி விழவில்லை. தன்னைப் பார்த்து இவள் கேட்பாளே என்று நடுங்கிக்கொண்டிருந்த அதே கேள்வி, அவள் வாயிலிருந்தே வெளியே வந்தது.

"செல்வா எப்படிடி செத்தான்?"

சாந்தினியின் பார்வை வாசுகியின் தோளைத் தாண்டித் திடலின் பக்கம் போய் நின்றது.

"அத எங்கிட்டக் கேக்காதீங்கக்கா" என்றாள் மெல்ல. "உங்க வீட்டுக்காரர்கிட்டக் கேளுங்க. காளி அண்ணன் மூணு வருஷமா அவருக்குப் பயந்துதான் ஒளிஞ்சிருக்காரு."

வாசுகி திரும்பிப் பார்த்தாள். கலைகிற கூட்டத்துக்கு நடுவே, இரண்டு கையிலும் பிளாஸ்டிக் பையில் கட்டிய தேத்தண்ணியை நூலில் தொங்கவிட்டபடி, சிந்திவிடாமல் நிதானமாக ராஜசேகரன் வந்துகொண்டிருந்தார்.